துளை போடத் தெரியும்

லாஸ் ஏஞ்சலிஸ்
30 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அக்கா,

நான் சுகம். வெயில்தான் இன்னும் தணியவில்லை. நீயும் அத்தானும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஒன்பது வருஷமாக இந்தக் கார்ட்டூன் கம்பெனியில், மற்றவர்கள் உருவாக்கிய நாய்க்கும் பூனைக்கும் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா? இந்த சீசனில் எனக்கென்று ஒரு தொடர் வருகிறது. ‘சுழல்மலைக் கூட்டம்’ என்று பெயர். செப்டம்பர் பதினெட்டு, சனிக்கிழமை காலை, உங்கள் ஊர் நேரப்படி ஒன்பதரை மணி. ஒரு மலைக்குள் குடியிருக்கும் பிராணிகளின் கதை. அதில் ஹப்போ என்று ஓர் அகழெலி வருகிறான். மண்ணைத் தோண்டியே பிழைக்கிறவன், தலையில் விளக்கு வைத்த தொப்பி. அவனைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்கள். அத்தானுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். சேனல்காரர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். எனக்கு ஒரு வீட்டின் நிஜமான அபிப்பிராயம் வேண்டும். அன்றைக்குக் காலையில் எட்டு மணியிலிருந்தே உட்கார்ந்து, எங்களுக்குப் போட்டியாக வருகிறவற்றையும் சேர்த்துப் பாருங்கள். யார் எதற்குச் சிரித்தார்கள், யார் எப்போது எழுந்து போனார்கள் என்று எழுது. கர்ட்டிடம் சொல், இது மாமா அவனுக்குக் கொடுத்திருக்கும் உத்தியோகம் என்று.

சுரங்கம் திறந்துவிட்டார்களா? அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
ஆர்வோ


கோர்விக், மினசோட்டா
20 செப்டம்பர் 1982

அன்புள்ள ஆர்வோ,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். முதுகு அப்படியேதான். உன் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்.

நீ சொன்னபடி எட்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். எல்லோரும் என்றால் ரெய்னோவும்தான். சுரங்கம் ஜூனிலிருந்து மூடியே கிடக்கிறது. அதனால் சனிக்கிழமை அவருக்கும் மற்ற நாள் மாதிரி ஒரு நாள்.

எட்டு மணிக்கு விண்வெளிக்குப் போகும் நாய்கள். எல்லா நாய்க்கும் ஒரே நடை. சந்திரனில் ஓடும்போதும் பின்னால் அதே பாறை திரும்பத் திரும்ப வருகிறது. கர்ட் அதைக் கண்டுபிடித்து, “காசு மிச்சம் பண்றாங்கம்மா” என்றான். எட்டரைக்குப் பாட்டுப் பாடும் ஐந்து பெண்கள் திருடனைப் பிடிக்கிறார்கள். திருடன் யார் என்று லைலா முதலிலேயே சொல்லிவிட்டாள். அவளுக்கு ஏழு வயது. ஒன்பதுக்குப் பேசும் லாரி. கடைசியில் எல்லோரும் பல் துலக்க வேண்டும் என்று லாரி புத்தி சொன்னது. அடுத்த நிமிஷமே மிட்டாய் விளம்பரம்.

பிறகு உன்னுடையது. மற்ற மூன்றையும்விட நன்றாக வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வாயில் போட்ட சீரியலை மெல்லாமல் பார்த்தார்கள். ஹப்போ வாயைத் திறந்ததும் லைலா அப்பா பக்கம் திரும்பிவிட்டாள். முன்பல் இரண்டு இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையிலும் விசில் அடிக்கிறதே, அதனால். “இதுல ஒரு விஷயம் இருக்கு” என்று ஆரம்பித்துவிட்டு, அந்த விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறான். “அப்பா, அது நீதான்” என்றாள். ரெய்னோ சிரித்தார். “என்னை மாதிரியேதான் பேசுது, இல்ல?” என்று என்னிடம் கேட்டார்.

ஹப்போ குகைக்குள்ளேயே படகு கட்டி, வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாமல் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் நிலவறையில் ரெய்னோ கட்டி வைத்திருக்கும் படகை நீ போன கிறிஸ்துமஸில் பார்த்தாய் அல்லவா?

யாரும் நடுவில் எழுந்து போகவில்லை. கர்ட் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான். மலையில் வேலை போய்விட்டது என்று ஹப்போ சொல்கிறானே, சீசன் முடிவதற்குள் அவனுக்கு வேறு வேலை கிடைக்குமா?

அன்புடன்,
இர்யா


லாஸ் ஏஞ்சலிஸ்
9 அக்டோபர் 1982

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன், சந்தோஷமாகவும் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை ஆபீஸில் சத்தமாகப் படித்தேன். பல் துலக்கச் சொல்லும் லாரியை நீ எழுதியிருந்த விதத்தைக் கேட்டு எங்கள் படம் வரைகிறவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நீ எழுத்தாளராகியிருக்க வேண்டியவள்.

எண்ணிக்கை வந்துவிட்டது. ஒன்பதரை மணிக்கு நாங்கள்தான் முதலிடம். அதுவும் ஹப்போவால்தான் என்று சேனலே ஒப்புக்கொள்கிறது. நரியைத் தலைவியாக வைத்திருந்தோம், இப்போது நரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஹப்போ என்கிறவன் பல பேரைக் கலந்து செய்தவன், அக்கா. பாதி நானே. படகு விஷயம் இந்தத் தொழிலில் பழைய வேடிக்கை, எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

நீ முன்பு போல விவரமாக எழுதுவதில்லை. அத்தான் பகலெல்லாம் என்ன செய்கிறார்? வேலை தேடுகிறாரா? எங்கே போகிறார், என்ன சொல்கிறார்? இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு உங்கள் வீட்டு அடுக்களைப் பேச்சுதான் ஊர். ஒன்றையும் விடாமல் எழுது.

உன் ஆர்வோ


கோர்விக்
31 அக்டோபர் 1982

அன்புள்ள ஆர்வோ,

முதல் பனி விழுந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சளி, வேறொன்றும் இல்லை. அங்கே உனக்கு ஸ்வெட்டரே வேண்டியிருக்காது.

நீ அப்படிக் கேட்டதும் எழுதலாம் என்று தோன்றிவிட்டது. இங்கே யாரிடம் சொன்னாலும் சாயங்காலத்துக்குள் சர்ச் வரைக்கும் போய்விடும். எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. இது உனக்கு மட்டும்.

போன செவ்வாய்க்கிழமை ரெய்னோ டுலூத்துக்கு ஒரு பெரிய பலசரக்குக் கடையில் வேலை கேட்டுப் போனார். பாதிரியார் தன்னுடைய கோட்டைக் கொடுத்திருந்தார். கோட்டின் கை இவருக்கு முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைதான் எட்டியது. மானேஜர் சின்னப் பையன், சட்டையில் பேர் குத்தியிருந்ததாம். “உங்களுக்கு எது நல்லா வரும்?” என்று கேட்டிருக்கிறான். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “துளை போடத் தெரியும்” என்றாராம். சுரங்கத்தில் இத்தனை வருஷம் துளைக்கும் எந்திரத்தில்தானே இருந்தார், வேறு என்ன சொல்வார்? “இங்க எதுலயும் துளை போட வேண்டியதில்லையே சார்” என்று அவன் சொன்னானாம். பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

இவர் நன்றி சொல்லிக் கை குலுக்கிவிட்டு வெளியே வருவதற்குப் பதிலாகத் தப்பான கதவைத் திறந்து சரக்கறைக்குள் போய்விட்டார். அதே வழியாகத் திரும்பி வர வெட்கப்பட்டு, சூப் டப்பாப் பெட்டிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றாராம். யாராவது கதவைத் திறந்து வெளியே போகும்போது கூடவே போய்விடலாம் என்று.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகு என்னிடம் இதைச் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவே முயற்சி செய்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு விரல் இல்லாத கையை.

“இர்யா, உன்கிட்ட சொல்லிட்டேன், போச்சு. இனிமே தூங்கிடுவேன்” என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இர்யா


லாஸ் ஏஞ்சலிஸ்
27 நவம்பர் 1982

அன்புள்ள அக்கா,

நன்றியறிதல் நாளை நண்பர் வீட்டில் கொண்டாடினேன். வான்கோழி காய்ந்து போயிருந்தது. நீங்கள் நால்வரும் நலம்தானே?

பதில் போடத் தாமதமாகிவிட்டது. காரணம் நல்ல காரணம். ஹப்போவுக்காகவே சேனல் இன்னும் நான்கு கதை அவசரமாகக் கேட்டது. பிப்ரவரியில் வரும். ராத்திரி பகலாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு கதையைப் படித்துவிட்டு எங்கள் டைரக்டர், “இத்தனை வருஷத்துல நீ எழுதினதுல இதுதான் பெஸ்ட்டுப்பா” என்றார்.

சாப்பாட்டு டப்பா, பல்துலக்கும் பிரஷ், போர்வை எல்லாவற்றிலும் ஹப்போ. பிள்ளைகளுக்கு ஒரு ஹப்போ பொம்மை அனுப்புகிறேன். வயிற்றை அமுக்கினால் விசில் அடித்துப் பேசும்.

உன் கடிதம் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. அத்தானுக்கு நல்ல காலம் வரும்.

உன் ஆர்வோ


கோர்விக்
19 டிசம்பர் 1982

அன்புள்ள ஆர்வோ,

எல்லோரும் இருக்கிறோம். உனக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஏலக்காய் ரொட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வந்தால் சரி.

பொம்மை வந்தது. லைலா அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். புரண்டு படுக்கும்போதெல்லாம் அது “இதுல ஒரு விஷயம் இருக்கு” என்கிறது. சுவர் மெல்லியது. எங்கள் அறையில் கேட்கிறது.

பள்ளிக்கூடத்தில் கர்ட்டை ‘ஹப்போ மகன்’ என்று கூப்பிடுகிறார்கள். ஒரு பையனின் மூக்கை உடைத்துவிட்டான். தலைமையாசிரியர் ரெய்னோவை வரச் சொன்னார். ரெய்னோ போய் உட்கார்ந்து, “சார், இதுல ஒரு விஷயம் இருக்கு” என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் அப்படித்தானே எப்போதும் ஆரம்பிப்பார். தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர்தான், அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கர்ட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சுரங்கத் தொழிற்சங்கக் கட்டிடத்தில் ஆட்கள் சனிக்கிழமை மத்தியானம் இவரைப் பார்த்ததும், “என்னப்பா ஹப்போ, இந்த வாரம் எதை உடைச்சே?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் வேலை இல்லை, அவர்களுக்கும் சிரிக்க ஏதாவது வேண்டும். முதலில் இவரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது போவதில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் டிவி போடுவதற்கு முன்னாலேயே ஏரிக்குப் போய்விடுகிறார். பனிக்கட்டியில் மீன் பிடிக்க. மத்தியானம் மீன் இல்லாமல் வருவார்.

உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகக் கேட்டதற்கு, “பையன் முன்னுக்கு வர்றான், விடு” என்றார்.

ஆர்வோ, நான் உன்னிடம் சுற்றி வளைத்துப் பேசி வழக்கமில்லை. அந்தப் பிராணியின் குரலை மாற்று. பல்லை வை. விசிலை எடுத்துவிடு. ஒரு எலிக்குப் பல் வைப்பது உனக்குக் கஷ்டமா?

இர்யா


லாஸ் ஏஞ்சலிஸ்
9 ஜனவரி 1983

அன்புள்ள அக்கா,

புது வருஷம் உங்களுக்கு நல்லதாகப் பிறந்திருக்கட்டும். ரொட்டி முழுசாகவே வந்தது. ஒரே நாளில் தீர்த்துவிட்டேன்.

கர்ட் விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். பையன்கள் அப்படித்தான், இரண்டு மாதத்தில் வேறு பெயர் கண்டுபிடிப்பார்கள்.

குரலை மாற்றுவது என் கையில் இல்லை. அந்த விசில் இப்போது சேனலின் சொத்து. எழுதியவன் நான், ஆனால் உரிமை அவர்களுடையது. இதை உனக்குப் புரிய வைக்க முடியுமா என்று தெரியவில்லை. யாரும் ஹப்போவைக் கேலி செய்து சிரிக்கவில்லை, அக்கா. பிரியமாகச் சிரிக்கிறார்கள். நாட்டின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் பிள்ளைகள் அவனுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஒரு மனிதனுக்கு அது மரியாதை இல்லையா?

ஒரு கதையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். படம் வரைந்து முடித்துவிட்டார்கள், முடியாது என்றார்கள்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி வேண்டுமானால் டிவி போடாதீர்கள். அன்றைக்குப் பிள்ளைகளை எங்கேயாவது பனிச்சறுக்குக்கு அழைத்துப் போங்களேன்.

உன் ஆர்வோ


கோர்விக்
13 பிப்ரவரி 1983

ஆர்வோ,

லைலாவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. மற்றபடி விசாரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வெளியே அழைத்துப் போவதாகத்தான் இருந்தேன். குழந்தைக்கு உடம்பு கொதித்தது. அவளைப் போர்வை சுற்றி சோபாவில் படுக்கவைத்தேன். அப்பா பக்கத்தில் இருந்தால்தான் மருந்து குடிப்பேன் என்றாள். ரெய்னோ ஏரிக்குப் போகாமல் உட்கார்ந்தார். ஒன்பதரைக்கு ஹப்போ வேண்டும் என்று அழுதாள். “போடு இர்யா, குழந்தை பாக்கட்டும்” என்று அவரே சொன்னார். நீ ஏன் தேதி சொல்லி எழுதினாய் என்று எனக்குத் தெரியாதே. ஏதோ வேடிக்கை கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஹப்போ கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டைக் கடைக்கு வேலைக்குப் போகிறான். அணில்தான் மானேஜர். உனக்கு எது நல்லா வரும் என்று கேட்கிறது. “துளை போடத் தெரியும்.” பிறகு தப்பான கதவு. பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிறான். சும்மா நிற்கவும் முடியாமல் சுவர், தரை, கூரை என்று ஓட்டை போட்டு, கடையே இடிந்து விழுகிறது. பின்னாலிருந்து எத்தனையோ பேர் சிரித்தார்கள். டிவிக்குள் எங்கிருந்து அத்தனை பேர் சிரிக்கிறார்கள், ஆர்வோ?

லைலாவும் சிரித்தாள், இருமலோடு.

ரெய்னோ டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

“உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்” என்றார்.

“என் தம்பி கேட்டான்” என்று சொன்னேன். அதுதான் என் வாயில் வந்தது.

நான்கு நாள் நிலவறையில் படுத்தார். ஐந்தாவது நாள் வயோமிங்கில் ஒரு சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்களோடு லாரியில் கிளம்பிவிட்டார். போவதற்கு முன்னால் விறகு பிளந்து அடுக்கினார், குழாயில் தண்ணீர் உறையாமல் சாக்கு சுற்றினார், லைலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என்னிடம், “ஜாக்கிரதையா இரு” என்றார்.

இர்யா


லாஸ் ஏஞ்சலிஸ்
13 மார்ச் 1983

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? ஏழெட்டுத் தடவை போன் செய்தேன். கர்ட் எடுத்து, நான்தான் என்று தெரிந்ததும் வைத்துவிட்டான்.

நீ நினைப்பது போல இல்லை. நான் கோட்டின் நிறத்தைக்கூட மாற்றியிருந்தேன். பாதிரியாரை எடுத்துவிட்டேன். கொட்டைக் கடை வேறு, பலசரக்குக் கடை வேறு. ஒருவன் வாழ்க்கையில் கேட்டது, பார்த்தது எல்லாம் எங்கேயோ உள்ளே போய்க் கிடந்து எழுதும்போது தானாக வந்துவிடுகிறது. எழுதாதவர்களுக்கு இது புரியாது. அந்தக் கதையில் ஹப்போ பெட்டிகளுக்கு நடுவில் நிற்கும்போது பல தாய்மார்கள் அழுதிருக்கிறார்கள். எங்களுக்குக் கடிதம் வந்தது.

அத்தானுக்கு அங்கே வேலை கிடைத்தால் நல்லதுதானே? ஒரு விதத்தில் யோசித்தால்.

இன்னொரு விஷயம். பத்திரிகையில் வந்து நீ படிப்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். வரும் செப்டம்பர் சீசனில் ஹப்போவுக்குத் தனித் தொடர். அரை மணி நேரம் முழுக்க அவனுடையது. அவனுக்கு மனைவியும் இரண்டு குட்டிகளும் வேண்டும் என்று சேனல் கேட்கிறது. மனைவியை மிக நல்லவளாக எழுதப் போகிறேன். புத்திசாலி, வாய்த்துடுக்கு, வீட்டையே தாங்குகிறவள். உனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி,
ஆர்வோ


டெல்கார், வயோமிங்
17 ஏப்ரல் 1983

மச்சான் ஆர்வோவுக்கு,

ரெய்னோ எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே சோடா உப்புச் சுரங்கத்தில் வேலை. தரைக்குக் கீழே ரொம்ப ஆழம். துளை போடும் எந்திரத்தில்தான் போட்டிருக்கிறார்கள். சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டில் ஐந்து பேர் தங்கியிருக்கிறோம். சனிக்கிழமை காலையில் ராத்திரி ஷிஃப்ட் விட்டு வந்ததும் யாருக்கும் உடனே தூக்கம் வராது. கார்ட்டூன் போட்டுவிட்டு பீர் குடிப்பார்கள். ஹப்போ வந்தால் நன்றாகச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இங்கே யாருக்கும் தெரியாது. முதல் சம்பளத்தில் பல் கட்டிக்கொண்டேன், இப்போது விசில் வருவதில்லை. ஒரு வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அதனால் அதிகம் பேசுவதில்லை.

நீ இர்யாவுக்கு எழுதிய கடிதத்தை அவள் எனக்கு அனுப்பினாள். கூட அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஹப்போவை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். மலையிலிருந்து தள்ளு, வெடி வைத்துத் தூக்கு. எனக்குப் பழகிவிட்டது. அவனுக்கு மனைவி மட்டும் வேண்டாம். இர்யா கோபம் வந்தால் கரண்டியை எங்கே வைப்பாள், எதற்கு அழுவாள், காபி போட்டுக்கொண்டே யாரை நினைத்துச் சிரிப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதை மலை மேல் வைத்து எல்லோரும் பார்க்க வேண்டாம்.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. உன் கல்யாணம் உடைந்து நீ எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது ராத்திரியில் நீ அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். இதை மட்டும் செய்.

ரெய்னோ


லாஸ் ஏஞ்சலிஸ்
22 மே 1983

அன்புள்ள அத்தான்,

உங்கள் ஆரோக்கியத்துக்குப் பிரார்த்தனை. சுரங்கத்தில் ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். மூன்று கூட்டம் நடந்தது. ஒவ்வொன்றிலும் நான் எழுந்து நின்று, மனைவி வந்தால் நான் விலகிவிடுவேன் என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஹப்போவுக்கு மனைவி கிடையாது. இது உறுதி.

குட்டிகள் இருக்கும். பொம்மைக் கம்பெனிக்குக் குட்டிகள் இல்லாமல் முடியாது என்கிறார்கள். தாய் ஏன் கூட இல்லை என்பதற்கு ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டும். செத்துவிட்டாள் என்று சொல்ல முடியாது, குழந்தைகள் பயப்படும் என்று சேனல் விதி. அந்தப் பகுதியை வேறு இரண்டு பேர் எழுதுகிறார்கள். நான் அதில் கை வைக்கவில்லை. லேசாக ஏதாவது சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

உங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்காவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். போன வருஷம் இந்நேரம் நாங்கள் எவ்வளவு ஒட்டுறவாக இருந்தோம்.

உங்கள் மச்சான்,
ஆர்வோ


டெல்கார், வயோமிங்
2 அக்டோபர் 1983

ஆர்வோ,

நாங்கள் நால்வரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கலாம்.

ஜூலையில் கோர்விக் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டேன். ரெய்னோ தனியாக ஒரு டிரெய்லர் வீடு பார்த்திருந்தார். மரமே இல்லாத ஊர், எப்போதும் காற்று. கர்ட்டை இங்கே கர்ட் என்றே கூப்பிடுகிறார்கள். வீட்டில் டிவி வாங்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் இருக்கிறது. புது சீசனின் முதல் சனிக்கிழமை லைலா அங்கே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது நானும் ரெய்னோவும் அடுக்களையில் இருந்தோம். நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

“ஹப்போவோட பொண்டாட்டி ஓடிப் போயிட்டாளாம்பா” என்றாள். “அவன் ரொம்ப மக்கா இருந்தானாம், அதான். அதைச் சொல்றப்பல்லாம் எல்லாரும் சிரிச்சாங்க.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “அம்மா, நீ எப்ப போவே?” என்று கேட்டாள். சும்மா, சாப்பாடு எப்போது என்று கேட்பது மாதிரி.

“அது வெறும் கார்ட்டூன் கண்ணு. போய்க் கை கழுவிட்டு வா” என்றார் ரெய்னோ. அவள் போனாள். அவர் என்னிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து என்னோடு கிழங்கு சீவினார். அவ்வளவுதான்.

அதை நீ எழுதவில்லை என்று சொல்வாய். நம்புகிறேன்.

அவர் எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார். எனக்கு முதுகு வலித்தால் அவரே வெந்நீர் வைக்கிறார். வேலையிலிருந்து வந்ததும், “இன்னிக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பேன். “ஒண்ணுமில்லை” என்பார். தினமும் அதே பதில். முதலில் களைப்பு என்று நினைத்தேன்.

போன வாரம் அவரோடு வேலை செய்யும் ஒருவர் தன் மனைவியோடு வந்திருந்தார். பேச்சுவாக்கில், ஆகஸ்டில் உள்ளே பாறை சரிந்ததே, ரெய்னோ ஒரு எட்டு பின்னால் வைத்திருந்தால் போயிருப்பார் என்றார். மூச்சு விட முடியாமல் கீழே மாட்டிக்கொண்டிருந்தவனை ரெய்னோதான் இழுத்து வெளியே போட்டாராம். ஊரெல்லாம் தெரியுமாம்.

நான் ஏற்கனவே தெரிந்தவள் போலத் தலையாட்டினேன். ரெய்னோ தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

அவர்கள் போன பிறகும் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு இனி உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

புது சீசன் எப்படி இருக்கிறது என்று கேட்டு நீ அனுப்பிய அட்டை, பழைய விலாசத்துக்குப் போய் இங்கே வந்து சேர்ந்தது. இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று இப்போது எனக்கே தெரியாது, ஆர்வோ. அதனால் உனக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை.

இர்யா